மிச்சம் வைக்கும் வேலை

(தமிழ்த்துறை ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவர் ஆயுள் முழுக்கச் சம்பாதித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைக் கரையேற்றி, அதற்குப் பிறகும் எடுத்துவைத்த தொகைதான் அறக்கட்டளையாகிறது. அதன் வட்டியில்தான் ஆண்டுக்கொருமுறை இந்தக் கூட்டம் கூடுகிறது. ஆகவே மிச்சத்தைப் பற்றிப் பேசுவது இந்த மேடைக்குப் பொருந்தும். பண மிச்சத்தைச் சொல்லவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதரிடம் அவருக்கென்று என்ன மீந்திருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

நமக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘பார்க்கும் வேலையும் விரும்பிய வேலையும்’. இதுபற்றி நம் காதில் எப்போதும் இரண்டு குரல்கள் விழுகின்றன. “முதல்ல ஒரு வேலையில உட்காரு, அப்புறம் உன் ஆசையைப் பார்த்துக்கலாம்” என்பது வீட்டுக் குரல். “மனசுக்குப் பிடிச்சதைச் செய், பணம் தானா வரும்” என்பது மேடைக் குரல். வீட்டுக் குரல் ஆசையைத் தள்ளிப்போடச் சொல்கிறது, எத்தனை வருடத்துக்கு என்று சொல்வதில்லை. மேடைக் குரல் பணம் வரும் என்கிறது, வாடகை கொடுக்கும் தேதிக்குள் வருமா என்று சொல்வதில்லை.

இரண்டு குரல்களும் வேலையின் பெயரைத்தான் பார்க்கின்றன. குமாஸ்தா என்றால் ஒரு முகம், இயக்குநர் என்றால் வேறு முகம். நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: எந்த வேலையாக இருந்தாலும் சரி, அது ஆளை எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது?

துறைமுகத்துக் குமாஸ்தா

1910-ஆம் ஆண்டுவாக்கில் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ராமஸ்வாமி ஐயர் வெறும் அதிகாரி அல்லர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர். அவருக்கே பகலில் வருவாய்த் துறை, பொழுது கிடைத்தபோது கணிதம். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் வேலை தர மறுத்துவிட்டார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து இந்த அறிவை அமுக்கிப்போட மனம் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் பரிந்துரையோடு அனுப்பிவைத்தார்.

வந்தவர் ராமானுஜன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். ஆனால் பரிந்துரைக் கடிதத்தை வைத்து உலை ஏற்ற முடியாது. நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். ஒருவர் தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

ராமஸ்வாமி ஐயர் எதற்கு அஞ்சினாரோ, ஏறக்குறைய அதே நாற்காலி. ஆனால் அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவர் கணிதம் அறிந்தவர், கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் மேலே, துறைமுகத் தலைவராக சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர். ஒப்படைத்த வேலை முடிந்தால் மீதி நேரத்தில் ராமானுஜன் தம் கணக்கைப் போடலாம். இரவில் நாராயண ஐயர் வீட்டில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரி 16 தேதியிட்டுப் போன கடிதம் இந்த நாட்களில் எழுதப்பட்டது. தாம் ஒரு குமாஸ்தா என்பதையும் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்பதையும் அதன் தொடக்கத்திலேயே ராமானுஜன் சொல்லிவிடுகிறார். அந்த ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. குமாஸ்தா வேலை 14 மாதங்களில் முடிந்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

ஒரு மேதையைக் குமாஸ்தாவாக வைத்திருந்தோமே என்று இந்தக் கதையை வருத்தத்தோடு சொல்வது வழக்கம். எனக்கு அந்த 14 மாதங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாக மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, மாலையில் பேச ஆள் இருந்தது, கடிதம் எழுத ஊக்கமும் உதவியும் கிடைத்தன. அதே நேரம், அதே 30 ரூபாய் நாற்காலிக்கு மேலே வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “ஆபீஸ் நேரத்தில் என்னய்யா கிறுக்கல்?” என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும். ராமஸ்வாமி ஐயரின் பயம் வீண் பயம் அல்ல. ராமானுஜனைக் காப்பாற்றியது வேலை அல்ல, அந்த வேலை அவருக்கு மிச்சம் வைத்த நேரமும் நிம்மதியும். அவை சட்டப்படி கிடைத்தவை அல்ல. மேலதிகாரி நல்லவராக வாய்த்ததால் கிடைத்தவை. பிறகு இந்த இடத்துக்குத் திரும்ப வருகிறேன்.

வேலை தரும் சரக்கு

நேரமும் நிம்மதியும் போக, சில வேலைகள் இன்னொன்றையும் தருகின்றன. விரும்பிய துறைக்கு வேண்டிய மூலப்பொருளைப் பார்க்கிற வேலையே கொண்டுவந்து கொட்டிவிடுகிறது.

வி. கனகசபைப் பிள்ளை அஞ்சல் துறையில் இருந்தவர். ஊர் ஊராகச் சென்று அஞ்சல் நிலையங்களைப் பார்வையிடுவது அவர் உத்தியோகம். போன ஊர்களில் எல்லாம் ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். கிடைத்தவற்றைக் கொடுத்து உ.வே.சா.வுக்கும் உதவினார். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் வாழ்வைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904-இல் வெளிவந்தது. சங்க இலக்கியத்தைக் கொண்டு வரலாறு எழுதலாம் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடி நூல் அது.

அதே துறையில், பல பத்தாண்டுகள் கழித்து, சு. தியடோர் பாஸ்கரன். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவர் பொறுப்புவரை உயர்ந்தவர். தமிழ் சினிமாவை வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அவர். இன்னொரு பக்கம், காட்டுயிர் பற்றி நல்ல தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர். இரண்டுக்கும் அவருக்குச் சம்பளம் தந்தது அஞ்சல் துறை.

விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில்நுட்பப் பணியாளர். கிரீஸும் டீசலும் படிந்த அந்த உலகம் ‘நெடுஞ்சாலை’ நாவலாயிற்று. அதற்கும் மேலே ஒரு காரியம் செய்தார்: தம் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். பல்கலைக்கழகத் துறை ஒன்று குழு போட்டுச் செய்ய வேண்டியதை, பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்த்தவர் செய்து கொடுத்தார். அந்தச் சொற்களைப் பேசும் மக்கள் நடுவிலேயே அவருடைய வேலையும் வாழ்வும் இருந்தன.

நாஞ்சில் நாடன் கணிதம் படித்துவிட்டு வேலை தேடிப் பம்பாய் போனவர். கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக ரயிலும் பஸ்ஸுமாக அலைந்தார். நாஞ்சில் நாட்டை அவ்வளவு துல்லியமாக நினைத்துப் பார்க்க அந்தத் தூரம் உதவியது என்று அவர் கதைகளைப் படிப்பவர்களுக்குப் புரியும்.

மயிலை சீனி. வேங்கடசாமியின் கதை சற்று வேறு. இளமையில் அவருக்கு ஓவியத்தில்தான் ஆசை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பச் சூழல் தொடரவிடவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். ஓய்வு பெறும்வரை அதே பணி. கல்லூரிப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் பௌத்தமும் தமிழும், சமணமும் தமிழும், களப்பிரர் காலம் என்று பேராசிரியர்கள் கை வைக்கத் தயங்கிய இடங்களில் எல்லாம் அவர் எழுதினார். ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்ற அவருடைய நூலைப் படிக்கும்போது, தூரிகையைக் கீழே வைத்தவர் அந்தக் கலையை விட்டுவிடவில்லை என்று தோன்றும். மாலையில் மணியடித்து வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்கூடம் அதற்கு இடம் கொடுத்தது.

கனவே வேலையானால்

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். விரும்பியதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள்?

சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி இடைசெவலிலிருந்து படித்து வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அரசாங்க உத்தியோகம். அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்கு வந்தார். மலாயா போய் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றினார், திரும்பி வந்து ‘நவசக்தி’யில் இருந்தார். 1970-இல் ஐம்பது வயது நிரம்பும் முன்பே மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது மறைவுக்குப் பிறகு வந்தது. பத்திரம் பதிவு செய்துகொண்டே அவர் அந்தக் கதைகளை எழுதியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் விட்டது சரி என்று வாசகனாக நான் மகிழலாம். அந்த வீட்டில் அடுப்பெரித்தவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.

எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்தில் பட்டு ஜரிகை வியாபாரத்தில் வசதியாக இருந்தவர். எழுத்தின் பக்கம் சாய்ந்தார், ‘தேனீ’ என்ற இதழை நடத்தினார், பணம் கரைந்தது. பிறகு குடும்பம் நடத்த, பதிப்பகத்துக்காகச் சின்னச் சின்ன வாழ்க்கை வரலாற்று நூல்களை எழுதிக் குவித்தார். இங்கே நாம் நின்று பார்க்க வேண்டும். எழுத்தையே நம்பி வந்தவருக்கு, எழுத்தே குமாஸ்தா வேலையாகிவிட்டது. பகலெல்லாம் ஜரிகை விற்றுவிட்டு இரவில் எழுதுபவரின் பேனாவாவது ஓய்ந்திருக்கும். பகலெல்லாம் பக்கக் கணக்குக்கு எழுதுபவருக்கு அதுவும் களைத்துப்போகிறது.

சினிமாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இளைஞர்களின் கனவு வேலை எது என்று கேட்டால் முதல் வரிசையில் அது நிற்கும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஓர் அறையில் நாலைந்து பேராக இருக்கும் உதவி இயக்குநர்களைக் கேளுங்கள். படம் நடந்தால் பேட்டா, நின்றால் அதுவும் இல்லை. தன் கதையை எழுத நேரமில்லாமல், பிறர் கதைக்குக் கிளாப் அடித்தே வயது ஏறுகிறது. எழுத்தாளர் அசோகமித்திரன் 1952-இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். ஊரே வாய் பிளந்து பார்த்த இடம். உள்ளே அவருக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவது. அவர் அங்கிருந்து எடுத்துவந்தது நட்சத்திரங்களை அல்ல. ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் வரும் புரொடக்‌ஷன் ஆட்களை, கடன்காரர்களை, தட்டுத்தடுமாறும் உதவியாளர்களை. கனவுத் தொழிற்சாலைக்குள்ளும் தினசரிக் கூலி வேலைதான் பெரும்பகுதி.

ஆகவே கனவு வேலை, பிழைப்பு வேலை என்று இரண்டு பெட்டிகள் இல்லை. எல்லா வேலையிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. விகிதம் மாறுகிறது, அவ்வளவே.

யாருக்கு மிச்சம் இல்லை

இதுவரை நான் சொன்ன பெயர்களை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஆண்கள்; பெரும்பாலும் படித்தவர்கள், மாதச் சம்பளம் வாங்கியவர்கள். அது என் தேர்வின் குறை மட்டும் அல்ல. மிச்சம் யாருக்குக் கிடைத்து வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தியாகராய நகரின் பெரிய ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. அவர்களுக்கு உட்காரும் உரிமை தரத் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு முக்காலியில் உட்காருவதற்குச் சட்டம். இரவு விடுதிக்குத் திரும்பும்போது கால் வீங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம் போய், உன் கனவைத் துரத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குக் குறைந்தது கனவு அல்ல, தெம்பு.

வேலைக்கே போகாத பெண்ணுக்கு நேரம் இருக்குமே என்பார்கள். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்தச் சமையலறையிலிருந்து விடுப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருந்த கவிஞர் சல்மா, கழிப்பறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ அலுவலகம் விட்ட பிறகு இரண்டாவது ஷிப்ட் வீட்டில் தொடங்குகிறது. சம்பளம் வாங்கும் கணவனுக்கு மாலையில் மிச்சம் இருக்கிறது என்றால், அதில் ஒரு பங்கு மனைவியிடமிருந்து எடுத்தது.

இனி, விட்ட இடத்துக்கு வருகிறேன். மிச்சம் நல்ல மேலதிகாரியின் தயவாக இருந்தால் ஒரு ராமானுஜனுக்குக் கிடைக்கும், ஆயிரம் பேருக்குக் கிடைக்காது. அது உரிமையாக வேண்டும். இதைச் சொன்னவர்கள் இலக்கியவாதிகள் அல்லர், தொழிலாளர்கள். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அவர்களுடைய குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. அந்தச் சங்கத்தோடு நின்றவர் திரு.வி.க. தமிழ் நடைக்கு அவர் செய்ததைப் பாடத்தில் படிக்கிறோம், இதைப் படிப்பதில்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவின் முதல் மே தினம் அது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்த முதல் மே தினத்துக்கு நூறு ஆண்டு நிறையும் வேளையில், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வரம்பு ஒருமுறை கட்டிய அணைபோல நிற்பதில்லை; காவல் வேண்டியிருக்கிறது.

கைபேசி வந்த பிறகு அந்த வரம்பில் ஓட்டை விழுந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் “அர்ஜென்ட்” என்று ஒரு செய்தி வருகிறது. ஆள் வீட்டில் இருக்கிறார், மனம் அலுவலகத்தில் இருக்கிறது. சம்பளம் பல மடங்காக இருக்கலாம். துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு இருந்த இரவு இவருக்கு இல்லை.

குரூப் 4 எழுதுகிறவர்கள்

2024 ஜூன் மாதம் அரசுப் பணிக்காக நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பொறியியல் படித்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு வரிசையில் நிற்கிறார்களே என்று கிண்டல் செய்வோர் உண்டு. அவர்களில் யாருக்கும் சிட்டா அடங்கலும் தட்டச்சும் பிறவிக் கனவாக இருக்காது. தேதிக்குச் சம்பளம், நினைத்தவுடன் வெளியே அனுப்ப முடியாத வேலை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று. இவற்றுக்காகத்தான் அந்தக் கூட்டம். தனியார் வேலைகள் வைக்காத மிச்சத்தை அரசு வேலையில் தேடுகிறார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, நல்ல கணக்கு.

ஆனால் 20 லட்சம் பேருக்கு நாற்காலி போட எந்த அரசாலும் முடியாது. ஆகவே மற்ற நாற்காலிகளையும் அந்த மாதிரி ஆக்குவதுதான் வழி.

மாணவர்களுக்கு இரண்டு சொல். வேலைக்கு நேர்முகம் போகும்போது சம்பளத்தைக் கேட்பீர்கள், கேளுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரைத் தனியாகப் பிடித்து, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள், போன பிறகு என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். படுத்துவிடுவேன் என்று அவர் சொன்னால் அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் கிடைக்கும் வேலை அமைந்துவிட்டால், அந்த மிச்சத்தைச் செலவழிக்க ஒரு காரியம் கையில் இருக்கட்டும். கண்மணி குணசேகரன் வேலை பார்த்தது போன்ற பணிமனைகள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. எல்லாவற்றிலிருந்தும் அகராதி வந்துவிடவில்லை. நேரம் இடம் கொடுக்கும், எழுதிக் கொடுக்காது.

பெற்றோருக்கு ஒரு சொல். “முதல்ல வேலையில உட்காரு” என்று சொல்லுங்கள், தவறில்லை. அப்படி உட்கார்ந்த மகளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் அவளுக்கென்று கிடைக்க வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இலக்கியத்தையும் ஆய்வையும் நேசிக்கும் நமக்கு. விருது வழங்குகிறோம், நூல் வெளியீடு நடத்துகிறோம், வாசிக்க ஆளில்லை என்று வருந்துகிறோம். வேலை நேரம் என்பது தொழிற்சங்கத்தின் சங்கதி என்று ஒதுங்கியும் கொள்கிறோம். நான் சொன்னவர்களில் பலரின் நூல்கள் வேலை போக மிஞ்சிய நேரத்திலிருந்து கிள்ளியெடுத்து எழுதப்பட்டவை. 12 மணி நேர வேலை என்ற பேச்சு அடுத்த முறை எழும்போது, ஆலை வாசல் கூட்டத்தில் போடும் தீர்மானத்தோடு நம் தமிழ் மன்றங்களின் தீர்மானம் ஒன்றும் சேர்ந்து போக வேண்டும். இந்தத் துறையின் மன்றம் அதை முதலில் நிறைவேற்றட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.